கழுத்தில் விழுந்த மருதோன்றிக் கோடு

அந்த வகுப்புக்கு நான் போனது எதையும் படிப்பதற்காக அல்ல. மகளுக்குக் காவலாகப் போனேன்.

மகளுக்குக் கண்டியில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குசினிக்குப் போய், அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று மூன்று முறை பார்த்தேன். கவலை வந்தால் எனக்கு அடுப்பும் கதவும்தான் கண்ணில் நிற்கும்.

எங்கள் கிழக்குக் கரையில் மகள்மார் வீட்டை விட்டுப் போவதில்லை. கலியாணம் முடிந்தாலும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்து இருபத்துமூன்று வருடமாகியும் நான் பிறந்த அதே வளவில்தான் இருக்கிறேன்; படுக்கிற அறை மட்டும்தான் மாறியது. மகன்மாரைக் கட்டாருக்கோ கொழும்புக்கோ அனுப்பி வைக்க இங்கே ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். மகளை எப்படி அனுப்புவது என்று எனக்கு யாரும் காட்டித் தரவில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நீ ஓம் எண்டா ஓம். நீ வேணாம் எண்டா வேணாம். எனக்கு ரெண்டும் சரி," என்றார். சொல்லிவிட்டு வட்டைக்குப் போய்விட்டார். அவர் வயல்காரர். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அவருக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆக, முடிவு என் தலையில் விழுந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விட்டவள் என்ன, நிறுத்தப்பட்டவள். அப்போது சண்டைக் காலம். பாதை சரியில்லை, வீட்டில் இரு என்று உம்மா சொன்னா. இருந்தேன். தையல் பழகினேன். அபாயா தைக்கிறேன். பெருநாளைக்கு முன்னால் எனக்குச் சாப்பிடவும் நேரமிருக்காது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே வார்த்தை இப்போது என் வாய்க்குள் வந்து காத்திருந்தது. மகள் எதைக் கதைத்தாலும் அதைச் சொல்லிவிடப் போகிறேன் என்று பயமாக இருந்தது.

சொல்வதற்குக் காரணமா இல்லை? கண்டிப் பாதையில் மகியங்கனைக்கு அங்கால் பதினெட்டு வளைவு. பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் வந்து இருக்கப்போகிறவன் யார் என்று தெரியாது. விடுதிப் படிக்கட்டு மழைக்கு வழுக்கும். யாரோ போனுக்கு அனுப்பிய ஒரு வீடியோவில், பஸ் நிலையத்தில் ஒருவன் கத்தியோடு ஒரு பெண்பிள்ளையைத் துரத்தினான். அது எந்த நாடு என்றுகூடத் தெரியாது. ஆனால் என் தலைக்குள் அது கண்டிதான்.

மகள் என்னைப் பார்த்து, "உம்மா, பதில் போட இன்னும் ரெண்டு மாசம் இரிக்கி," என்றாள். "முன்பள்ளியில பொம்புளயளுக்குத் தற்காப்பு வகுப்பு தொடங்குறாங்களாம். எட்டுச் சனிக்கிழம. கத்திக்கும் பழக்குறாங்களாம். நான் போறன். நீங்க வந்து கண்ணால பாருங்க. பாத்துப்போட்டு ஓம் எண்டோ இல்ல எண்டோ செல்லுங்க. நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

இருபது வயதுப் பிள்ளை, வக்கீல் மாதிரிக் கதைத்தாள். ஓம் என்றேன்.

மருதமுனையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அந்த முன்பள்ளி. சனிக்கிழமை அஸர்த் தொழுகைக்குப் பிறகு அது பெண்களுக்கு. ஜன்னல்களுக்குப் பழைய படுக்கை விரிப்புகளைக் கட்டினோம். சுவரில் அணிலும் ஆடும் இலையும் வரைந்திருந்தது. முழங்கால் உயரக் கதிரைகளை ஒரு மூலையில் அடுக்கிவைத்திருந்தார்கள். தெருப்பக்கம் ஒரு கதவு, பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு கதவு. உள்ளே போன உடனே நான் பார்த்தது அதைத்தான். முன்கதவுக்குப் பக்கத்தில், வயது வந்த ஆளுக்கான ஒரேயொரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பழக்க வந்தவ கல்முனைத் தமிழ்ப் பக்கத்து ஆள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பிப்பவ. எல்லோரும் மிஸ் என்றோம். குட்டையான உடம்பு, ஆட்டோ ஹோர்ன் மாதிரிக் குரல். அவ பைக்குள்ளிருந்து இரண்டு கத்தியை எடுத்து நிலத்தில் வைத்ததும் நான் கதிரையைக் கதவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். பிறகுதான் பார்த்தேன், ரப்பர் கத்தி. வளைத்தால் வளைகிறது. வெட்டுகிற ஓரத்தில் மெல்லிய கம்பளித் துணிப் பட்டி ஒட்டியிருந்தது.

"இதில சோக்கட்டியத் தேச்சா, பட்ட இடத்தில கோடு விழும்," என்றா மிஸ். "கோடு விழுந்தா வெட்டு விழுந்த மாதிரி. அவ்வளவுதான். படம் பாத்துட்டு வந்திருந்தா அத இப்பவே மறந்திருங்க. கத்தியத் தட்டிப் பறிக்கிறதெல்லாம் நடிக்கிறவனுக்கு. நமக்கு ஒரே வேல. சத்தம் போட்டுக்கொண்டு கதவால வெளிய போற. கோடு விழாம வெளிய போனவ வெண்டவ."

சோக்கட்டி நான் கொடுத்தேன். தையற்காரியின் பையில் அது எப்போதும் கிடக்கும். கறுப்பு அபாயாவில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும்.

முதல் ஆளாகக் கத்தியைக் கேட்டு வாங்கியவ எங்கள் தெரு மாமி ஒருவ. அறுபது தாண்டியவ. முழங்கால் வருத்தம். மூன்று மகள்மாரையும் கட்டிக்கொடுத்து மூன்று மருமகன்மாரையும் வளவுக்குள் வைத்துச் சோறு போடுகிறவ.

"மாமி, நீங்க என்னத்துக்கு வந்த?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"மூணு மருமகன்மாரு வீட்ட. மூணு பேருக்கும் மூணு கறி. ஒருத்தனுக்கு மீன் ஏலா, ஒருத்தனுக்குப் பருப்பு ஏலா. ஒரு மணித்தியாலம் கத்தியோட நிண்டா மனசு ஆறும்," என்றா மாமி.

என் மகள் முதலில் எழும்பினாள். மிஸ் சொன்னது ஒன்று, அவள் செய்தது ஒன்று. மாமியின் கையைப் பிடித்து முறுக்கப் போனாள். மாமி சிரித்துக்கொண்டே மற்றப் பக்கத்தால் கத்தியைக் கொண்டுவந்து கீறு கீறு என்று கீறினா. அடுத்த ஆள் கோடுகளைச் சத்தமாக எண்ண வேண்டும் என்பது மிஸ்ஸின் சட்டம். பதினொன்று. மூன்று வயிற்றில். நான் கதிரையிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்தக் கதிரையில இரிக்கிறவங்க?" என்று மிஸ்ஸின் குரல் வந்தது.

"நான் சும்மா வந்த மிஸ். மகளோட."

"சும்மா வந்தவங்களக் கத்தி விடாது. ஒழும்புங்க."

எழும்பினேன். மாமி கத்தியை உயர்த்தியது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் தெருவில் நின்றேன். ஒரு செருப்பு காலில் இல்லை. மகளின் பை கையில் இருந்தது. சந்திப் பெட்டிக்கடைக்காரர் தேநீர்க் கோப்பையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மிஸ் கத்தினா: "ராத்தா! மறுகா வாங்க! முடிஞ்சிது!"

திரும்பி வந்தபோது எல்லோரும் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்தார்கள். மிஸ் என்னை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தா.

"பாருங்க. ஒரு கோடு இல்ல," என்றா மற்றவர்களிடம்.

"பயத்தில ஓடின மிஸ்," என்றேன் வெட்கமாக.

"பயத்திலதான் ஓடணும். பின்ன ஆசையிலயா ஓடுற?"

அன்றிலிருந்து எனக்குக் கதிரை இல்லை. சனிக்குச் சனி நானும் நின்றேன். மாமி எப்படி வந்தாலும் என் அபாயா கறுப்பாகவே இருந்தது. இதில் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் வாசல் பக்கமாகவே இருப்பேன். பஸ்ஸில் கதவுக்குப் பின்னால் முதல் ஆசனம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். யார் குரலை உயர்த்தினாலும் என் கால் முதலில் திரும்பும். வீட்டில் இதற்கெல்லாம் சிரிப்பார்கள். மிஸ் மட்டும், "அவவப் பாருங்க, கத்தி வர முந்தியே தோள் திரும்பிட்டு," என்று என்னைக் காட்டிப் படிப்பித்தா. பள்ளிக்கூடத்தில் என்னைக் காட்டி யாரும் எதையும் படிப்பித்ததில்லை. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நான் இருவத்திமூணு வருசமாச் செல்றன், நீ ஓடுறதில கெட்டிக்காரி எண்டு," என்றார்.

மகளும் தேறினாள். பதினொன்று ஐந்தானது, இரண்டானது, நாலாவது சனிக்கிழமை ஒன்றுமில்லாமல் பின்கதவால் போனாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓம் என்று சொல்லிவிடலாம் போல ஒரு நாள் இருக்கும். அடுத்த நாள் விடுதிப் படிக்கட்டு ஞாபகம் வரும்.

இதற்கிடையில் வகுப்பில் ஒரு சண்டை தொடங்கியது. எங்களில் சிலர் அபாயாவைக் கழற்றிவிட்டு வெளிர்நிறச் சல்வாரோடு பழகினார்கள். அதில் வெள்ளைக் கோடு தெரியாது. தெரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கத்தி கைமாறி மாமி ஓட வேண்டி வந்தால் மாமிதான் மோசம்.

"இது கோடில்ல புள்ள, இடியப்ப மா. காலயில பிழிஞ்ச."

"முதுகிலயா மாமி இடியப்பம் பிழிஞ்ச?"

"மருமகனுக்கு எங்க பிழிஞ்சாலும் ஒனக்கென்ன?"

எங்களில் ஒருத்தி மணப்பெண்களுக்கு மருதோன்றி போடுகிறவள். அவள்தான் சொன்னாள், "நான் ஒரு சாமான் கொண்டாறன். ஆரும் பொய் செல்ல ஏலா." அடுத்த சனிக்கிழமை மருதோன்றிக் கோன்கள் கொஞ்சம் கொண்டுவந்தாள். போன பெருநாளுக்கும் முந்திய பெருநாளில் மிஞ்சியவை, காலம் முடிந்தவை. கத்தியின் துணிப் பட்டியில் அதைப் பிதுக்கித் தடவினாள். கரும்பச்சையாக மினுங்கியது.

"பிடிக்காதா?" என்று மிஸ் கேட்டா.

"காலம் முடிஞ்ச கோன், மிஸ். பிடிக்காது. துடைச்சா போயிரும்."

"அஞ்சு நிமிசத்தில பிடிக்கிற கோனா இது?" என்று நான் கேட்டேன்.

"ராத்தா, செத்த கோன் ராத்தா."

இன்னுமொரு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தபோது மகள் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். அது ஏழாவது சனிக்கிழமை.

அன்றைக்கு மிஸ் புதுசாக ஒன்று சொன்னா. இதுவரை தனியாக ஓடினீர்கள், இன்றைக்குச் சோடியாக. இரண்டு பேர் பஸ்ஸுக்குப் போகிறீர்கள், கதைத்துக்கொண்டு நடக்கிறீர்கள், கத்தி வருகிறது. ஆளுக்கு ஒரு கதவு. முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் போங்கள்.

நானும் மகளும் பேசி வைத்துக்கொண்டோம். எனக்கு முன்கதவு, அவளுக்குப் பின்கதவு. மாமிக்குக் கத்தி. ஆடும் அணிலும் வரைந்த சுவரோரமாக நடக்கத் தொடங்கினோம். சும்மா நடந்தால் சரிவராது, கதைக்க வேண்டும் என்று மிஸ் சொன்னதால், "நாளைக்கு என்ன கறி?" என்று மகள் கேட்டாள். "கணவா கிடைச்சா கணவா," என்றேன். அப்போது மாமி பாய்ந்தா.

என் கால் முன்கதவுப் பக்கம் திரும்பியது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் கை அதோடு வரவில்லை. அது மகளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. பிடித்து எனக்குப் பின்னால் இழுத்தேன். அவள் பின்கதவுக்குப் போகப் பாய்ந்தவள், பாதியில் இழுபட்டுத் திரும்பினாள். இருவரும் ஒரே இடத்தில் நின்றோம், மாட்டைக் கட்டையில் கட்டிய மாதிரி. மாமிக்கு அதைவிட வசதி கிடைக்குமா? நிறுத்து என்று மிஸ் கை தட்டும் வரைக்கும் கீறினா.

மாமி என்னைத் திருப்பித் திருப்பி எண்ணினா, சந்தோஷமாக. "கையில மூணு. இந்தா வயித்தில ஒண்டு. முதுகில ரெண்டு. அல்லாஹ்வே, கன்னத்திலயும் ஒண்டு! எத்தின கிழமயா ஒன்னத் தேடித் திரிஞ்ச புள்ள!" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மாமி மகள் பக்கம் திரும்பினா. எண்ணவில்லை. விரலை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டா.

"புள்ளக்கு ஒண்டுதான்," என்றா மெதுவாக.

காதுக்குக் கீழிருந்து தொண்டைக் குழி வரைக்கும் ஒரே கோடு. பச்சையாக, ஈரமாக, யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியது மாதிரி.

"ஏன் போகல்ல? கதவு ஒங்களுக்கு முன்னாலதானே இரிந்த?" என்று மிஸ் மகளிடம் கேட்டா.

"உம்மா கையப் பிடிச்சிட்டா மிஸ்."

மிஸ் எங்களை மறுபடி நடக்கச் சொன்னா. இரண்டாம் முறையும் பிடித்தேன். பிடிக்கக் கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பிடித்தேன். மிஸ் ஏசவில்லை. "அடுத்த கிழம பாப்பம் ராத்தா," என்றா. அதற்குள் மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அவசரமாகத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கழுவலாம் என்று கிளம்பினோம்.

செத்த கோன் என்றாளே, அது சாகவில்லை. சவர்க்காரம் போட்டோம், தேசிக்காய் தேய்த்தோம், பற்பசை பூசினோம். செம்மஞ்சளாக இருந்த கோடு விடிந்து பார்த்தபோது நல்ல காப்பி நிறமாக இருந்தது. மருதோன்றியின் குணம் அதுதானே, இரண்டாம் நாள்தான் கறுக்கும். காலையில் வீட்டுக்காரர் பிளேன்டீக் கோப்பையோடு மகளைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார்.

"என்ன இது, தாயும் மகளும்?"

"வகுப்பில வாப்பா. கத்திக் கோடு."

"கழுத்தில ஆரு போட்ட?"

"போட்டது மாமி," என்றாள் மகள் பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டே. "போட வச்சது உம்மா."

பகிடியாகத்தான் சொன்னாள். அவர் சிரித்தார். நான் எழும்பிக் குசினிக்குப் போய் அடுப்பைப் பார்த்தேன். அது அணைந்துதான் இருந்தது.

மருதோன்றிக்காரிக்கு அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. ஒருத்திக்கு நெற்றியில், ஒருத்திக்கு மூக்கில். மாமிக்கு இரண்டு கோடு, கணுக்காலில். "மருமகன்மாரு கேட்டாங்க, கலியாணமா மாமி எண்டு. ஓம், மாப்புள பாக்குறன் எண்டன். மூணு நாள் ஒருத்தனும் கறியில குறை செல்லல்ல," என்றாவாம். நான் வெளியே போகும்போது கன்னத்தை மறைத்தேன். கையை மறைக்க முடியவில்லை. அபாயாவுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பிள்ளை, என் கையில் ஓடிய மூன்று சரிவுக் கோடுகளையும் பார்த்துவிட்டு, "புது டிசைனா ராத்தா? வடிவா இரிக்கி," என்றாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

மகள் வெளியே போகும்போது முக்காட்டுக்குள் அது மறைந்துவிடும். வீட்டுக்குள் முக்காடு இல்லை. சோறு போடும்போது அந்தக் கோடு எனக்கு நேரே இருக்கும். தலை சீவும்போது இருக்கும். தொலைபேசியைப் பார்த்துச் சிரிக்கும்போது கோடும் சேர்ந்து அசையும். என் கன்னத்துக் கோட்டை நான் கண்ணாடியில் பார்த்தால்தான் உண்டு. அவளுடைய கோட்டை நான் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எத்தனையோ வருடமாக நான் பயந்தது எல்லாம் வெளியிலிருந்து வருகிறவை. வளைவு, மழை, முன்பின் தெரியாதவன். அந்தப் பட்டியலில் என் கையை நான் ஒருநாளும் சேர்த்ததில்லை. அவள் தனியாக ஓடிய நாட்களில் ஒரு கோடும் இல்லாமல் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் பக்கத்தில் நின்ற அன்றைக்குத்தான் கழுத்தில் விழுந்தது. நான் பிடித்ததும் இரண்டு முறை. எட்டாம் வகுப்புப் படித்தவளுக்கும் விளங்குகிற கணக்கு அது. விளங்கியும், விளங்காத மாதிரி இரண்டு மூன்று நாள் தையல் மெஷினை வேகமாக மிதித்தேன்.

புதன்கிழமை மகளிடம், "கடைசி நாள் எப்ப?" என்று கேட்டேன்.

"வாற வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளி. நான் கதைக்க மாட்டன் எண்டு செல்லியிரிக்கன் உம்மா."

"கதைக்க வேணாம். அந்த நடையப் பழகுவம். குசினியில இரிந்து வாசலுக்கு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு எழும்பினாள். கத்திக்கு அகப்பை. கத்திக்காரனுக்கு ஆள் வேண்டுமே, வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு வந்தவரைப் பிடித்து அகப்பையைக் கொடுத்தோம்.

"நான் என்ன செய்யணும்?"

"எங்களத் துரத்துங்க வாப்பா."

"சம்பளம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே துரத்தினார். நான் என் கையை அபாயாப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். அது ஓட்டமா? வாத்து நடை. ஆனால் மகளின் கையைப் பிடிக்கவில்லை. வியாழனும் பழகினோம், வெள்ளியும் பழகினோம். வெள்ளி கையை வெளியே விட்டுப் பழகினேன். ஒருமுறை பிடித்துவிட்டேன். மூன்று முறை பிடிக்கவில்லை.

எட்டாவது சனிக்கிழமை மிஸ் பழையபடி சோக்கட்டிக்கு வந்துவிட்டா. மருதோன்றிக்காரி ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் மூலையில் நின்றாள். எங்கள் முறை வந்தது. எனக்கு முன்கதவு, மகளுக்குப் பின்கதவு. மாமி முழங்காலைத் தடவிவிட்டு நின்றா.

"நாளைக்கு என்ன கறி உம்மா?"

"இறைச்சி," என்றேன். மாமி வந்தா.

கை எழும்பியது. அதை நான் மறைக்கவில்லை. மகளின் சட்டைக் கையின் துணி என் விரலில் பட்டது. அவ்வளவுதான். அதற்குள் அவள் போய்விட்டாள், நானும் போய்விட்டேன்.

வெளியே தெருவாசல் கேற்றடியில் நின்றேன். என்னைத் துரத்தி யாரும் வரவில்லை. அப்படியென்றால் மாமி அவளுக்குப் பின்னால் போயிருக்கிறா. உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். கத்தியது என் மகளா, அது வகுப்பில் பழக்கிய கத்தலா, உண்மைக் கத்தலா என்று தெரியவில்லை. கேற்றுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருப்பது ரப்பர்க் கத்தியும் முழங்கால் வருத்தக்கார மாமியும் என்பது எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனாலும் என் கால் இரண்டும் கதவைப் பார்த்தே திரும்பி நின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக அவை வெளியே அல்ல, உள்ளே ஓடப் பார்த்தன. நான் விடவில்லை. சந்திக் கடைக்காரர் அன்றைக்கும் தேநீர்க் கோப்பையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸலாம் சொன்னேன். அவரும் சொன்னார்.

பிறகு பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் பின்பக்கம் நடந்தேன். நடந்தேனா, ஓடினேனா. மூலையில் திரும்பியபோது எதிரே மகள் வந்தாள். குழாயடித் தண்ணீரில் கால் நனைந்திருந்தது.

"காட்டு," என்றேன். கழுத்தைப் பார்த்தேன். மங்கிப்போன பழைய கோடு மட்டும். முதுகைத் திருப்பினேன். முழங்கையடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

"இது?"

"துணியிலதான் உம்மா. கதிரயத் தள்ளிப்போட்டு ஓடின, அப்ப பட்ட." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க உள்ள வருவீங்க எண்டு நினைச்ச."

"வரத்தான் பாத்த."

"மறுகா?"

"கேற்றப் பிடிச்சிக்கொண்டு நிண்ட."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது, அது எனக்கு எதற்கும் வரும். அப்போது பின்கதவால் மாமி கத்தியோடு நொண்டி நொண்டி வந்தா.

"ரெண்டு பேரும் எங்கடி போயிட்டீங்க? நான் இனி ஆரக் குத்துற?"

மாமிக்குப் பின்னால் மிஸ் வந்து முழங்கையடிக் கோட்டைத் தொட்டுப் பார்த்தா. "இதுக்குத் தையல் போட்டாப் போதும்," என்றா. "ரெண்டு பேரும் வெளிய நிக்கிறீங்க. சரி."

நான் மகளிடம், "கண்டிக்குப் பதில் எழுது," என்றேன். "வெள்ளி வரைக்கும் வச்சிக்கொண்டிரிக்க வேணாம். திங்கள் தபாலில போடு."

அவள் கதைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் அல்லவா. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சோக்கட்டித் தூசு என் அபாயாவில் ஒட்டியது.

"கண்டியா?" என்று மாமி கேட்டா. "கெட்ட குளிர் புள்ள. என்ட நடுமருமகன் ஒரு கிழம போயிட்டு வந்து ஒரு மாசம் இருமின. கம்பளிச் சட்ட வாங்கிக் குடு."

ஞாயிற்றுக்கிழமை கல்முனைக் கடைத்தெருவில் நானும் மகளும் ஏறி இறங்காத கடையில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பளிச் சட்டை என்றதும் ஒரு முதலாளி மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, "இருங்க ராத்தா, முதல்ல தண்ணி குடிங்க," என்றார். கடைசியில் கம்பளி நூல் பத்து உருண்டைதான் கிடைத்தது. எனக்குத் துணி தைக்கத் தெரியுமே தவிர, நூல் பின்னத் தெரியாது. கை நீளம் சரிவருமா, கழுத்து இறுகுமா, அவள் போவதற்கு முன்னால் முடிப்பேனா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். கதவுக்குப் பின்னால் இருந்த ஆசனத்தில் வேறு யாரோ இருந்தார்கள். மகள் பின்வரிசைக்குப் போனாள். நானும் போய் அவள் பக்கத்தில் இருந்தேன்.